கடைப் பேச்சு

ஆமா, நான்தான். போன்ல வர்ற அந்தச் செண்பகா மேடம் நானேதான். எந்திரிக்காதீங்கம்மா, படுங்க படுங்க. மசாஜ் முடிஞ்ச சூட்டோட எந்திரிச்சா தலை சுத்தும். என்ன அப்படிப் பாக்குறீங்க, நேர்ல வயசாத் தெரியுறேனா? அதுல மூஞ்சியை வழவழன்னு பண்ணி விட்டுட்டாங்க. பட்டுச்சேலை வேற. இங்க சுடிதாருக்கு மேல ஏப்ரனைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்.

ஒண்ணு கேக்கவா? அது உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?

இல்ல, நெசமாத்தான் கேக்குறேன். இப்ப மூஞ்சிக்குப் பேக் போடப் போறேன். போட்டுட்டா வாயை அசைக்கக் கூடாது, காயுற வரைக்கும் செத்த மாதிரி கிடக்கணும். அதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. ஐலைனர் போடக் கத்துக் கொடுத்துச்சா. சரி. அப்புறம்? கலரைப் பத்தி ஏதாவது சொல்லுச்சா? ஒண்ணும் சொல்லலையா? நல்லது, நல்லது. நீங்க மாநிறந்தானே, அதான் விட்டுருச்சு போல. அருப்புக்கோட்டைக்குக் கல்யாணத்துக்கு வந்தேன், உங்க போர்டைப் பாத்தேன், அந்த மேடம்தானான்னு பாக்க ஏறி வந்தேன்னு நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க பாருங்க, எனக்குப் பயமாயிருச்சு. யார் சொன்னாலும் ஆகுது. முன்னாடியெல்லாம் பெருமையா இருக்கும்.

கண்ணை மூடிக்கங்க. குளுகுளுன்னு இருக்கும். இனிப் பேசாதீங்க. நானே பேசுறேன். நான் பேசாம வேலை பாத்ததே கிடையாது. ஒரே ஒரு தடவை பாத்தேன். அதைத்தான் சொல்ல வர்றேன்.

கோயம்புத்தூர்ல இருந்து ஹர்ஷினின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. ஆன்லைன்ல தொழில் கத்துக் கொடுக்குற கம்பெனி. சும்மா வீடியோ போட்டுட்டுப் போற சமாச்சாரம் இல்லையாம். நாம போனைத் திறந்தா டீச்சரம்மா எதிர்ல வந்து நிக்கும், நம்ம மூஞ்சியைப் பாக்கும், கேட்ட கேள்விக்கு நமக்குன்னு தனியாப் பதில் சொல்லும். உங்களுக்கே தெரியுமே, நீங்கதான் படிச்சிருக்கீங்களே. தையலுக்கு ஒரு மாஸ்டர், கேக் செய்ய ஒரு அம்மா, ஏசி ரிப்பேருக்கு ஒருத்தர்னு நல்லா வேலை தெரிஞ்ச ஆளுகளாத் தேடிப் பிடிச்சு, அவுகளை மாதிரியே ஒண்ணை உள்ள செஞ்சு வச்சிருவாங்களாம். கல்யாண மேக்கப்புக்கு என்னைப் பிடிச்சாங்க. இந்தச் சுத்துப்பட்டுல நான் கை வைக்காத கல்யாணப் பொண்ணு யாரு இருக்கா சொல்லுங்க. விருதுநகர்ல இருந்து கார் அனுப்புவாங்க.

முதல்ல ஸ்டுடியோவுல உக்கார வச்சுப் பேசச் சொன்னாங்க. நான் 'அன்பு மாணவிகளே, இன்று நாம் காணவிருப்பது'ன்னு ஆரம்பிச்சேன். ஹர்ஷினி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. 'மேடம், நியூஸ் வாசிக்காதீங்க. கடையில எப்படிப் பேசுவீங்களோ அந்தப் பேச்சுதான் எங்களுக்கு வேணும். அதுலதான் ஜனம் மயங்குது'ன்னுச்சு. அப்புறம் என்ன பண்ணாங்க, ஆவணி முகூர்த்தம் பூராவும் இந்தக் கண்ணாடிக்கு மேல ஒரு மைக்கைத் தொங்க விட்டுட்டாங்க. வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லித்தான் செஞ்சோம், திருட்டுத்தனமா ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் நானும் மைக்கைப் பாத்துப் பாத்துப் பதவிசாப் பேசினேன். அப்புறம் மறந்து போச்சு. பழகிட்டா மைக் என்ன, ஃபேன் என்ன.

அது வெளிய வந்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். அவர் மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு, சுந்தரராசுன்னு கேட்டா பஜார்ல சொல்லுவாங்க. வாயில இருந்து முத்து உதிர்ற மாதிரி எப்பவாவது ஒரு வார்த்தை. போனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. 'ஒண்ணுக்கே காது ஓட்டையாப் போச்சு'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆனா அவர் கடையில வர்றவங்ககிட்ட எல்லாம் எடுத்து எடுத்துக் காட்டுவாராம். பையன்க சொன்னாங்க.

அச்சு அசல் நானேதான்ம்மா. 'கண்ணு'ன்னு கூப்பிடுறது, 'தலையை நிமித்து கண்ணு'ங்கிறது, 'அட என் ராசாத்தி'ன்னு கொஞ்சுறது. துபாய்ல இருந்து, மலேசியாவுல இருந்து, புள்ளைக என்கிட்டக் கத்துக்கிட்டு அங்க கடை போட்டுருச்சுக. நான் தூங்கிக்கிட்டு இருப்பேன், அங்க ஒருத்திக்குப் பாடம் நடக்கும். சந்தோசமா இருக்காதா? இருந்துச்சு.

இப்ப எங்க தொழில்ல ஒரு பேச்சு உண்டு. நீங்களும் கேட்டிருப்பீங்க. கறுப்புன்னு நாங்க சொல்ல மாட்டோம். மனசு நோகும்ல? 'கலர் கம்மி'ம்போம். உப்புக் கம்மிங்கிற மாதிரி. கம்மின்னா என்ன, சேத்துக்கலாம். 'கலர் கொஞ்சம் கம்மிதான் கண்ணு, கவலைப்படாத, ரெண்டு ஷேடு தூக்கிரலாம்' அப்படிம்பேன். உடனே அந்தப் புள்ள மூஞ்சியில ஒரு தெம்பு வரும். அப்புறம் இன்னொண்ணும் சொல்லுவேன். அதைச் சொல்லத்தான் நாக்குக் கூசுது.

எனக்கு ஒரே மக. சங்கவி. மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பாக்குறா. கை கால் விழுந்தவங்களை நடக்க வச்சிருவா, அவ்வளவு பொறுமை. மூக்கும் முழியுமா நல்லா லட்சணமா இருப்பா. கலர் மட்டும் அவங்க அப்பா கலர். என் பக்கம் யாருக்கும் அப்படி இல்ல. எங்கம்மாவெல்லாம் மஞ்சக்கிழங்கு மாதிரி. அவ பிறந்த அன்னைக்கு நான் அழுதேன்னு எங்க நாத்தனா இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா. பிரசவ வலியில அழுததை அவ திரிச்சுப் பேசுறா, விடுங்க.

சின்னதுல இருந்து கடலைமாவு, பாலாடை, குங்குமப்பூன்னு நான் செய்யாதது இல்ல. பெத்தவ செய்ய மாட்டாளா? வெயில்ல விளையாட விட மாட்டேன். ஸ்கூல்ல கோகோ டீம்ல எடுத்தாங்க, வேணாம்னு எழுதிக் கொடுத்தேன். அதுக்கு ஒரு வருசம் என்கிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசல. மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சப்ப நானே மேக்கப் போட்டு, நானே போட்டோ எடுக்க வச்சேன். ஒரு வீட்டுக்காரங்க பாக்க வந்தாங்க. காபியைக் கூடக் குடிச்சு முடிக்கல, 'போட்டோல வேற மாதிரி இருந்துச்சே'ன்னுட்டாங்க. அன்னைக்குப் போனவ, நான் யாரையும் இனிப் பாக்க மாட்டேன்னு மதுரையிலயே ரூம் எடுத்துத் தங்கிட்டா. அதுக்கப்புறம் அவளாவே ஒருத்தரைப் பாத்துக்கிட்டா. அவரோட அம்மாவுக்கு முட்டி ஆபரேசன், நடக்கப் பழக்கினது இவதான். தூத்துக்குடி மாப்பிள்ளை, பேரு ஜெயசீலன், ஹார்பர்ல வேலை. தங்கமான மனுசன். சாதி சனம் எல்லாம் பேசி, தை மாசம் கல்யாணம்னு முடிவாச்சு.

நெத்தியைச் சுருக்காதீங்க. கோடு விழுது பாருங்க.

எனக்கு ஒரு ஆசைம்மா. இத்தனை வருசமா ஊரான் வீட்டுப் பொண்ணுகளை எல்லாம் மணவறைக்கு அனுப்பி வச்ச கை இது. என் மகளை நான் ஜோடிச்சு அனுப்பணும். வேற என்ன கேட்டேன்? அவ மண்டபம் இதுன்னா சரி, சாப்பாடு அதுன்னா சரி, சேலை அவளே எடுத்தா. மூஞ்சி மட்டும் என் பொறுப்புன்னேன். அவ எடுத்த எடுப்புல, 'வேணாம்மா. நானே போட்டுக்கிறேன்'ங்கிறா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. போட்டுக்கிறேன்னா? பவுடரை அப்பி, மை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவ, முகூர்த்தத்துக்கு எப்படிப் போட்டுக்குவா? எனக்குப் புரிஞ்சு போச்சு, இவ பைபாஸ் ரோட்டுல புதுசாக் கடை வச்சிருக்காளே ஒருத்தி, அவளைத்தான் பேசி வச்சிருக்கான்னு. செண்பகம் மகளுக்கே அவதான் போட்டா அப்படின்னு ஊர்ல பேசினா நான் இந்தப் போர்டைக் கழட்டிர வேண்டியதுதான். ஒரு பாட்டம் சண்டை போட்டேன்.

பொங்கலுக்கு வந்திருந்தா. மத்தியானம், சாப்பிட்டு முடிச்சு நான் அடுப்படியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். அவ ரூம் கதவு சாத்தியிருக்கு. உள்ள நான் பேசுறேன்.

நல்லாக் கேளுங்க. நான் அடுப்படியில நிக்கிறேன். உள்ள என் குரல், 'ஸ்பான்ஜை நனைச்சுப் பிழிஞ்சுக்கோ கண்ணு, தேய்க்கக் கூடாது, ஒத்தணும்' அப்படிங்குது.

எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அட கழுதை, என்கிட்டதான் படிக்கிறியா! நேர்ல கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு அதுகிட்டப் போய்க் கேக்குறியா! கண்ணுல தண்ணி வந்துருச்சும்மா. பைபாஸ்காரியைப் போய்த் திட்டினேனேன்னு நினைச்சேன். கையில இருந்த நாரோடவே கதவுகிட்டப் போய் நின்னேன், கேப்போம் மக எப்படிப் படிக்கிறான்னு. என்னமா நிதானமாக் கேக்குறா தெரியுமா. அது சொல்லச் சொல்ல, 'சரிங்க மேடம், சரிங்க மேடம்'ங்கிறா. என்னைக்காவது என்கிட்ட ஒரு தடவை அப்படிச் சொல்லியிருப்பாளா?

அப்புறம் அவ கேட்டா. 'மேடம், எனக்கு என் கலர்லயே பவுண்டேஷன் வேணும்.'

அது சிரிச்சுச்சு. நான் சிரிக்கிற மாதிரியே. 'கலர் கொஞ்சம் கம்மிதான் கண்ணு. கவலைப்படாத, ரெண்டு ஷேடு தூக்கிரலாம்'ன்னுச்சு.

இவ, 'தூக்க வேணாம் மேடம். இப்படியே வேணும்'ங்கிறா.

'போட்டோல எடுக்காது கண்ணு.'

'எடுக்கலைன்னாலும் பரவாயில்ல.'

'வர்றவங்க என்ன சொல்லுவாங்க? மாப்பிள்ளை பக்கத்துல நிக்கணும்ல?'

இவ விடல. அப்படிக் கேக்குறா, இப்படிக் கேக்குறா. ஒவ்வொரு தடவையும் அது செல்லமாவே பதில் சொல்லுது. கோவமே வரல அதுக்கு. கடைசியில சொல்லுச்சு பாருங்க, அந்த இன்னொண்ணை. நான் இங்க கலர் கம்மியா வர்ற ஒவ்வொரு புள்ளைகிட்டயும் தெம்புக்குச் சொல்றது. இந்தச் சேர்லயே உக்கார வச்சுச் சொல்றது.

'எனக்கும் ஒரு மக இருக்கா கண்ணு. உன்னைவிடக் கலர் கம்மி. அவளையே தேத்தி நிறுத்திட்டேன், உன்னை விட்டுருவேனா?'

நான் கதவுல கையை வச்சுட்டேன்.

அப்புறம் சங்கவி, மெதுவா, அந்தப் பேசண்ட்டுக கிட்டப் பேசுவாளே அந்தக் குரல்ல, 'அப்படியா மேடம்? அந்தப் பொண்ணு பேரு என்ன?'ன்னா.

அதுக்கு எங்க தெரியும் பேரு? 'பேரு எதுக்கு கண்ணு, நீ தலையை நிமித்து'ன்னுச்சு.

கதவைத் தள்ளிட்டேன். தள்ளியிருக்கக் கூடாது. அவ கண்ணாடி முன்னாடி உக்காந்திருக்கா, போனை நிமித்தி வச்சிருக்கா. போன்ல நான் பட்டுச்சேலை கட்டிச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். வாசல்ல நான் நைட்டியோட, கையில பாத்திரம் தேய்க்கிற நாரோட நிக்கிறேன். அவ அதைப் பாத்தா, என்னைப் பாத்தா. அழுவான்னு நினைச்சேன். அழல. 'ரெண்டு பேரும் ஒண்ணுதாம்மா. ஆனா இதை நிப்பாட்டலாம்'ன்னு சொல்லி, போனை அமுக்கி அணைச்சா.

நான் சொன்னேன், 'ஏண்டி, அது கடைப் பேச்சுடி. வர்றவங்க மனசு ஆறுறதுக்குச் சொல்றது. அதைப் போய் மெஷின் பிடிச்சு வச்சுக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?' அவ கேட்டா, 'எத்தனை பேர்கிட்டம்மா சொல்லியிருக்க?' கடை திறந்த நாள்ல இருந்து சொல்றேன். அவ அப்ப யூனிபாரம் போட்டுக்கிட்டு ஸ்கூல் விட்டு நேரா இங்கதான் வருவா, அந்த ஸ்டூல்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா.

'நான் கடைக்குள்ள வந்தா எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்களேம்மா, நல்லாப் படிக்கிறியாம்பாங்களே. செண்பகா மேடம் பொண்ணுன்னு பாசமாச் சிரிக்கிறாங்கன்னு நினைச்சேன். என் கலரைத்தான் பாத்திருக்காங்க. என்னைவிடக் கம்மியா, என்னைவிட ஜாஸ்தியான்னு.'

இல்லடி, அப்படி இல்லடின்னேன். வெளிய வந்தா எங்க வீட்டுக்காரர் நிக்கிறாரு. எல்லாம் கேட்டுருக்காரு. சாயங்காலமாச்சு. காபி கொடுத்தேன், வாங்கிக்கிட்டாரு. 'காக்காய்க்கே தன் குஞ்சு பொன்குஞ்சு. உனக்கு என்னடி வந்துச்சு?'ன்னாரு. கல்யாணம் கட்டி இத்தனை வருசத்துல அவர் கலரை நான் ஒரு வார்த்தை சொன்னது இல்ல. ஆம்பளைக்குக் கலர் எதுக்கு. அவருக்கு ஏன் முகம் அப்படிப் போச்சுன்னு எனக்கு விளங்கல.

பேக் இழுக்குதா? இழுக்கும். காயுதுன்னு அர்த்தம். செத்த நேரம்.

மறுநாளே ஹர்ஷினிக்குப் போன் போட்டேன். நான் சும்மா விடுற ஆள் இல்ல. 'அந்த வார்த்தையை எடு, இல்லைன்னா என்னையே எடுத்துரு'ன்னேன். அந்தப் பொண்ணு பதறிப் போச்சு. 'மேடம், எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சதே அந்த இடந்தான் மேடம். தன் மகளைப் பத்தியே சொல்றாங்கன்னு நம்பிக்கை வருதுன்னு எழுதுறாங்க. அதைக் கேட்டு அழுதேன்னு ஒரு அக்கா எழுதியிருக்காங்க'ங்குது. நான் முடியாதுன்னுட்டேன். அப்புறம் அவங்களுக்குள்ள பேசிட்டு, 'மக'ங்கிறதை மாத்திட்டாங்க. இப்ப அது, 'எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்கா கண்ணு, உன்னைவிடக் கலர் கம்மி'ன்னு சொல்லும்.

நான் சரின்னுட்டேன். நல்லாத்தானே செஞ்சிருக்காங்கன்னு தோணுச்சு. ஓடிப் போய் இவகிட்ட, 'எடுத்தாச்சுடி'ன்னேன்.

'எதை எடுத்தாங்க?'

'உன்னை எடுத்தாச்சு. இனி அதுல மகளே கிடையாது.'

அவ சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு நான் கேக்கல, சிரிச்சாளே அதுவே போதும்னு இருந்துச்சு. அந்தச் சிரிப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். கெஞ்சினேன்னே வச்சுக்கங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அம்மாவை விடுடி, உன் கலர்லயே போடுறேன், உன் கல்யாணத்துக்குக் கை வைக்காத கை எனக்கு எதுக்குடின்னேன். நாலஞ்சு நாள் யோசிச்சா. அப்புறம் மதுரையில இருந்து போன் பண்ணா. 'போடும்மா. ஆனா போட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.'

அம்புட்டுத்தானே! பேசாம இருக்கிறது ஒரு பெரிய வித்தையான்னு நினைச்சேன்.

அவ கலருக்குப் பவுண்டேஷன் எடுக்கலாம்னு இந்த அலமாரியைத் திறந்து பாக்குறேன், அந்த ஷேடே இல்லம்மா. அந்தா அடுக்கி வச்சிருக்கேன் பாருங்க, இப்பப் பாக்காதீங்க, அப்புறம் பாருங்க, அத்தனை பாட்டில்ல அது இல்ல. இத்தனை வருசத்துல நான் வாங்கினதே இல்ல. யாரும் கேட்டதில்ல, நான் ஏன் வாங்கப் போறேன்? மதுரைக்குப் பஸ் ஏறிப் போயி, கடை கடையா அலைஞ்சு, அவ போட்டோவைக் காட்டிக் காட்டி வாங்கியாந்தேன். கடைக்காரப் பையன் கூட, 'அக்கா, இது மூவிங் இல்லக்கா, யாரும் வாங்க மாட்டாங்க, ரெண்டு நம்பர் மேல போயிருங்களேன்'ன்னான். 'உன் சோலியைப் பாருடா'ன்னுட்டேன். அப்படியாப்பட்டவதான் நான்.

முகூர்த்தம் விடிகாலையில. மண்டபத்துல பொண்ணு ரூம்ல நானும் அவளும் மட்டும். உக்காந்தா, கண்ணை மூடினா, முகத்தை எங்கிட்டக் கொடுத்தா. எத்தனையோ வருசம் கழிச்சு அவ முகம் என் கைக்குள்ள. காய்ச்சல் வந்தாக் கூட நெத்தியைத் தொட விட மாட்டா. அன்னைக்கு இருந்தா. நான் வாயே திறக்கல. சாமி சத்தியமாத் திறக்கல. 'தலையை நிமித்து'ன்னு சொல்லணும்னா தாடையைத் தொட்டேன், நிமித்திக்கிட்டா. மூச்சு விடுறது கேக்குது, அவ்வளவு அமைதி. நான் மனசுக்குள்ள பேசிக்கிட்டே போட்டேன். என் ராசாத்தி, என் தங்கம்னு அப்படியே.

அந்தப் புதுப் பாட்டிலைத்தான் எடுத்தேன். கையில ஊத்தினேன். அப்புறம் எப்படின்னு தெரியலம்மா, பக்கத்துல இருந்த வெளுப்பு ஷேடு பாட்டில்ல இருந்து ஒரு சொட்டு விட்டுக் கலந்திருக்கேன். ஒரு சொட்டுதான். நினைச்சுச் செய்யல. வீடியோக்காரன் லைட்டு வெள்ளையா அடிப்பான், அதுக்குத் தாங்கணும்னு கைக்குப் பழக்கம். கலந்தேன், ஒத்தினேன், நல்லா இருக்கேன்னு தோணுச்சு, அப்புறம் இன்னும் கொஞ்சம். வேலை செய்யுறப்ப அப்படித்தான், கை பாட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கும். முடிச்சுட்டு நான் எட்டி நின்னு பாத்தேன். அம்மன் மாதிரி இருந்தா. சும்மா சொல்லல, என் தொழில்ல நான் போட்டதுலயே அதுதான் நல்ல மேக்கப்.

அவ கண்ணைத் திறந்தா. கண்ணாடியைப் பாத்தா. முகத்தைப் பாத்துட்டுக் கழுத்தைப் பாத்தா. கையைத் தூக்கிக் கன்னத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா. நான் பேசக் கூடாதுல்ல, சும்மா நிக்கிறேன். சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு பாத்ரூம் போனா. குழாய்ச் சத்தம் கேட்டுச்சு. சோப்புப் போட்டுக் கழுவுறா. வந்தா, துண்டால முகத்தைத் துடைச்சா, தானே மை போட்டா, ஒரு பொட்டு வச்சா. 'வா, நேரமாச்சு'ன்னு சொல்லிட்டு நடந்து போயிட்டா.

அப்படியேதான் மணவறையில உக்காந்தா. வந்த சனம் பூரா என்னைப் பாக்குது. செண்பகம் மகளுக்கு மேக்கப் இல்லையா, என்னக்கா ஆச்சு, அலர்ஜியா அப்படின்னு. பைபாஸ்காரி கூட வந்திருந்தா, நான்தான் பத்திரிகை வச்சிருந்தேன். நான் எல்லார்கிட்டயும் என்ன சொன்னேன் தெரியுமா? 'நேச்சுரல் லுக். இப்ப அதுதான் பேஷன், நான்தான் பிளான் பண்ணேன்'னு சொன்னேன். கூசாமச் சொன்னேன். அவங்களும், ஓ அப்படியான்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் நின்னாரு. கேட்டுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

தாலி கட்டி முடிஞ்சுச்சு. ரெண்டு பேரும் எங்க கால்ல விழுந்தாங்க. அவங்க அப்பா முதல்ல, ரெண்டு பேர் தலையிலயும் கையை வச்சாரு. இவ அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. ரெண்டு கையும் ஒரே கலர், அப்பத்தான் பாக்குற மாதிரி பாத்தேன். அடுத்து நான். தட்டுல இருந்து குங்குமத்தைத் தொட்டு, அவ நெத்திக்கு வைக்கக் கையை நீட்டினேன்.

அவ முகத்தைப் பின்னால இழுத்துக்கிட்டா.

இந்தா, இம்புட்டுதான். ஒரு நூல். வேணும்னு செய்யல, அவளுக்கே தெரிஞ்சிருக்காது. வீடியோவுல நூறு தடவை பாத்தாலும் யாருக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியாதா? முகத்தைப் பிடிச்சுத்தானே நான் பொழைக்கிறேன். உடனே சமாளிச்சுக்கிட்டு முகத்தை முன்னால கொண்டு வந்தா பாவம், 'வைம்மா'ன்னு மெதுவாச் சொன்னா. எனக்குத்தான் கை போகல.

குங்குமம் விரல்லயே இருக்கு. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. என்ன செய்ய? மாப்பிள்ளை நெத்தியில வச்சேன். அவர் குனிஞ்சு கொடுத்தாரு.